அரை மணி பெஞ்சு

வருகிற திங்கட்கிழமை அலர்ஜி ஊசி அறையின் சாவி, புதிதாக வந்த நர்சுகளான உங்கள் மூன்று பேரில் ஒருவர் கைக்கு வரும். ஃபிரிட்ஜ், ரிஜிஸ்டர், அட்ரினலின் வைத்த மூடித்தட்டு, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். வராந்தாவில் கிடக்கும் இரண்டு மரப் பெஞ்சுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை எப்போது வந்தன, யார் வாங்கியது என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அதனால் அவற்றைப் பற்றித் தனியாக எழுதி வைக்கிறேன்.

இப்படிப் பழைய கதை எழுதுவது ஓய்வு பெறுகிறவர்களின் உரிமை. எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. காரைக்காலுக்கு மாற்றல், அவ்வளவுதான். ஆனால் இதே வராந்தாவில் ஒருமுறை நான் ஓய்வு பெறப் பார்த்தேன். பென்ஷன் கிடையாத வகை ஓய்வு. அந்தத் தகுதியில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா மில் தொழிலாளி. சம்பளப் பட்டியலில் கட்டைவிரல் உருட்டுவார். அம்மாவுக்கு அந்த வேலையும் இருக்கவில்லை. வெள்ளைச் சீருடையில் நான் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, பிள்ளைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெரு மொத்தமும் வெளியே வந்து நின்றது. பஸ் ஏறும் வரை தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தபடியே நடந்தேன். பஸ்ஸில் கால் வைத்ததும் தொடர்ந்து பதினோரு தும்மல் வந்து அந்தத் தலையை முன்னால் கொண்டுவந்து சேர்த்தது.

மார்கழிப் பனி இறங்கினால் எனக்கு ஆரம்பித்துவிடும். பங்குனி வெயில் வந்தால்தான் விடும். கண் கோவைப்பழமாகும், மூக்கு அடைத்துக்கொள்ளும், காதுக்குள்ளே எங்கேயோ அரிக்கும், விரல் எட்டாது. அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பாள், மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டுவாள். அந்தப் புகைக்கு இன்னும் நாலு தும்மல் கூடும். பக்கத்து வீட்டு அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. “நம்ம சனத்துல யாருக்காச்சும் இப்பிடி உண்டா? வெயில்ல காயாம நெழல்ல உக்காந்து படிச்ச ஒடம்பு. பனி தாங்கல” என்பாள். எனக்கு அது வசையாகவே படவில்லை. சான்றிதழோடு சேர்த்து ஒரு நோயும் கொடுத்திருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமைப்பட முடியாத ஒன்றும் இருந்தது. சில காலைகளில் மார்புக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல இழுக்கும். தும்முகிறவளை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. மூச்சு இழுக்கிறவள் கதை வேறு என்று பயிற்சிக் காலத்தில் விடுதியில் பேசிக்கொள்வார்கள். தற்காலிக வேலையில் இரண்டு வருஷம் முடித்து, மருத்துவப் பரிசோதனையில் ‘தகுதி’ என்று எழுதினால்தான் நிரந்தரம். அப்பா எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாக முதல் மாதமே மில் கேட்டில் சொல்லிவிட்டிருந்தார். ஆகவே தும்மலை ஊருக்குக் காட்டினேன், இழுப்பை யாருக்கும் சொல்லவில்லை.

என்னைப் போட்ட இடம் இந்த அலர்ஜி ஊசி அறை. தும்முகிறவர்களுக்குத் தும்மாமல் இருப்பது எப்படி என்று தும்மிக்கொண்டே சொல்லும் உத்தியோகம்.

இங்கே நடப்பது உங்களுக்குத் தெரியும். உடம்புக்கு எது ஆகவில்லையோ அதையே கடுகளவு எடுத்து, வாரம் ஒரு ஊசியாக ஏற்றி, மெல்ல மெல்லப் பழக்குகிறோம். வருஷக்கணக்கில் ஆகும். சில சமயம் பழகாத உடம்பு ஒரேயடியாக முரண்டு பிடிக்கும். பிடித்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் பிடிக்கும். அதற்குத்தான் பெஞ்சு. ஊசி போட்டவர் அரை மணி அங்கே உட்கார வேண்டும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். நான் ஒரு பிரசங்கமாகவே வைத்திருந்தேன்.

“எது எது வந்தா உடனே கூப்பிடணும்?” என்று கேட்பேன். பெஞ்சு ஒன்றாகச் சொல்ல வேண்டும்: கை, தொண்டை, மூச்சு, தலை. அதாவது உள்ளங்கை அரிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சு முட்டல், தலைசுற்றல். சரியாகச் சொல்லாதவர்களை மறுபடி சொல்ல வைப்பேன். அறுபது வயதுக்காரர்களைக்கூட. எழுத்துத் தெரியாதவர்களுக்கு இப்படித்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு ஒரு கருத்து இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் எழுத்துத் தெரியாதவர்கள் என்பது அந்தக் கருத்துக்குள் வரவில்லை.

அந்தப் பெஞ்சில் என்னை அதிகம் சோதித்தவர் அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மில்லில் பஞ்சுத் தூசியோடு இருபது வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் சேர்ந்தவர். பனிக்காலம் வந்தால் என்னைப் போலவே அவருக்கும். வியாழக்கிழமை தோறும் வருவார். வந்ததிலிருந்து போவதைப் பற்றியே பேசுவார். லேட்டானால் சூப்பர்வைசர் கேட்டிலேயே நிற்க வைப்பான், பஸ் போனால் அடுத்த பஸ் எப்போது வருமென்று அந்த டிரைவருக்கே தெரியாது, இப்படி.

“ஏம்மா, படிச்சுப் படிச்சு சொல்றேன், உக்காரும்மா” என்பேன்.

“நீங்க படிச்சீங்க, சொல்றீங்க. நான் படிக்கல, உக்காந்துக்கினு இருக்கேன்” என்பார். பெஞ்சு சிரிக்கும். கை தொண்டை மூச்சு தலையை அவர் சொல்லும்போது ரேஷன் கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோல இழுத்துச் சொல்வார். அதற்கும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

முதலில் நான் மாத்திரைதான் போட்டுக்கொண்டேன். அப்போது கிடைத்த தும்மல் மாத்திரை எல்லாம் தூக்க மாத்திரையின் உடன்பிறப்புகள். ஒன்று போட்டால் மூக்கு நிற்கும். கூடவே மூளையும் நின்றுவிடும். காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக விழுங்கி, கண்ணை அகல விரித்துக்கொண்டு வேலை பார்த்தேன். தூங்கவில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளக் கையெழுத்தை வழக்கத்தைவிட அழகாக எழுதினேன். அந்த மாதத்து ரிஜிஸ்டரைப் பாருங்கள், முத்து முத்தாக இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அஞ்சலையின் கையைத் துடைத்துவிட்டு ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நர்சம்மா, நம்பளுது பச்ச மூடியாச்சே. இது செகப்பு.”

அந்தக் காலத்தில் லேசான மருந்துக்குப் பச்சை மூடி, பல மடங்கு கடுமையானதற்குச் சிவப்பு மூடி. சிவப்புக்குப் போக அவருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. லேபிளில் எல்லாமே எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவள் படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவர் மூடியைப் பார்த்துவிட்டார்.

 பயந்தது தெரியாமல் இருக்க உடனே வாயைத் திறந்தேன். “ஸ்டோர்ல மூடி மாத்திட்டாங்கம்மா. எதுக்கும் வேற எடுக்கறேன், இரு” என்றேன். பச்சை மூடிப் புட்டியை எடுத்துச் சரியான மருந்தைப் போட்டேன். அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் பஸ்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பிசகை நான் ரிஜிஸ்டரில் எழுதவில்லை. அவ்வளவு அழகான கையெழுத்தை எதற்குக் கெடுப்பது.

மாத்திரையை அன்றோடு விட்டேன். விட்டதும் தும்மல் திரும்ப வந்தது.

ஊரில் ஒரு தனியார் டாக்டர் இருந்தார். இடுப்பில் ஒரே ஊசி, அந்தப் பருவத்துக்குத் தும்மலே கிடையாது என்று பேர் வாங்கியவர். அது ஸ்டெராய்டு என்பது எனக்குத் தெரியும். நோயாளிகளிடம், அந்த ஊசியைக் கண்டபடி போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதும் என் பிரசங்கத்தில் ஒரு பகுதிதான். நான் கண்டபடி போட்டுக்கொள்ளவில்லை, ஒரே ஒருமுறை, யோசித்துப் போட்டுக்கொள்கிறேன் என்று யோசித்துப் போட்டுக்கொண்டேன். மூன்று நாளில் உலகம் வேறாகிவிட்டது. வாசனை தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு நாற்றம் உண்டென்று அப்போதுதான் அறிந்தேன். அடுத்து ஒன்று போட்டேன். அதையும் யோசித்துத்தான். மூன்றாவதுக்கு யோசிக்கவில்லை.

பசி அடங்கவில்லை. கன்னம் உப்பியது, முகம் பூரித்துப் பளபளத்தது. வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. “இப்பத்தான் பாக்க லட்சணமா பூசினாப்புல இருக்கா” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அது வரை எட்டிப் பார்க்காத வரன்கள் வர ஆரம்பித்தன. வில்லியனூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவள் மெச்சியது என்னை அல்ல, மூன்று ஊசியை என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது?

கண்டுபிடித்தவர் பெரிய சிஸ்டர். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். டாக்டர் யாராக இருந்தாலும், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் ‘முசே’ என்றே கூப்பிடுவார். டாக்டர்களும் பயந்துகொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் என் முகத்தை, ஊசித் தட்டைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எத்தனை?”

“மூணு சிஸ்டர்.”

“யாருக்கும் சொல்லாம வீங்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்” என்றார். திட்டினாரா மெச்சினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. மேற்கொண்டு அவர் சொன்னது நீளம். சுருக்கம் இதுதான்: மாத்திரை தூக்கத்தில் தள்ளும். ஸ்டெராய்டு உடம்பை உள்ளேயிருந்து அரிக்கும். நாம் போடுகிற வார ஊசி ஆளின் பொறுமையைக் கேட்கும். ஒன்றும் கேட்காத மருந்து இருந்தால் அதற்குப் பெயர் தண்ணீர். உன்னால் எதைக் கொடுக்க முடியும் என்று பார்த்துக்கொள்.

பார்த்தேன். தூக்கத்தால் ஒருத்தியைக் கொல்ல இருந்தேன், உடம்பால் ஒரு மாப்பிள்ளை வீட்டை ஏமாற்ற இருந்தேன். மிச்சம் இருந்தது பொறுமை. அது என்னிடம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் என் முன்கையில் வரிசையாகக் கீறிச் சோதித்தார். மற்றதெல்லாம் கொசுக்கடி அளவு. சவுக்குப் பூந்தூள் சொட்டு வைத்த இடம் மட்டும் வடையாக எழும்பியது. எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் சவுக்குத் தோப்பு. அப்பாவிடம் சொன்னேன். அவர் தோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது நமக்கு முன்னாடியே இருக்குதும்மா” என்றார். ஆக ஊசிதான்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தப் பழக்கம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. அப்போது ‘ஸ்டாஃப் ஊசி’ என்று ஒன்று இருந்தது. நம் ஆட்கள் ஊசி போட்டுக்கொண்டால் கார்டு கிடையாது. இரண்டு நோயாளிக்கு நடுவில், கதவுக்குப் பின்னால் நின்றபடியே, கை மடிப்பை ஏற்றிவிட்டுப் போட்டுக்கொள்வது. கடைசி அளவு எவ்வளவு என்பது ஞாபகத்தில். பெஞ்சு கிடையாது. நோயாளிகளோடு சீருடையில் உட்கார்ந்தால் மரியாதை என்ன ஆவது? நோயாளிக்குக் கார்டு எழுதும்போது முதல் கேள்வியே ‘இன்று மூச்சு இழுப்பு உண்டா’ என்பது. உண்டென்றால் அன்று ஊசி இல்லை. கார்டு இல்லாதவளை யார் கேட்பார்கள்?

நான் ஊசி ஆரம்பித்து ஒரு வருஷம் போல ஆகியிருந்தது, சிவப்பு மூடிக்கு வந்திருந்தேன். தை மாதம், வியாழக்கிழமை. மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. விடிந்ததிலிருந்தே மார்பில் இழுப்பு. அன்று ஊசி வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள் கூட வேலை பார்க்கிறவள். கேட்டால் இழுப்பைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒன்பது நாளில் எல்லாம் போச்சு என்று கணக்குப் போட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று கையை நீட்டினேன். அவள் போட்டாள். அவள்மேல் தப்பே இல்லை, நான் சொன்ன அளவைத்தான் போட்டாள்.

வராந்தாவுக்கு வந்தேன். இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. அஞ்சலை எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“மணி ஆவல, உக்காரும்மா.”

“கால் மணிக்கு மேல ஆச்சி நர்சம்மா. எனக்கு ஒண்ணும் வரல, வராது. இத்தினி நாளா வந்துதா?”

“வந்தா சொல்லிட்டா வரும்? உன் நல்லதுக்குத்தானே தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். ஒரு அரை மணி பொறுமையா உக்காரத் தெரியாதா?” என்று தொடங்கினேன். பிரசங்கம் சரளமாக வந்தது. பேசிக்கொண்டே கையிலிருந்த ரிஜிஸ்டரின் ஓரத்தில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது.

அஞ்சலை என் முகத்தைக் கவனிக்கவில்லை. பச்சை மூடி நாள் போலவே கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் கையைச் சொறியிறீங்க?”

“டெட்டால். ஒத்துக்கல.” சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினேன். செருமியும் ஏதோ அங்கேயே நின்றது. மறுபடி செருமினேன்.

“கை, தொண்ட” என்றார் அவர், மெதுவாக. இந்த முறை இழுத்துச் சொல்லவில்லை.

பெஞ்சில் சிரிப்பு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். எனக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அதை என்னைவிட நன்றாகப் பாடம் சொல்லக்கூடியவர் இல்லை. பத்தடி தூரத்தில் அறை. உள்ளே மூடித்தட்டில், இதை நிறுத்துகிற அட்ரினலின் ஊசி தயாராக இருந்தது, காலையில் நானே வைத்தது. நான் அறைப் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் திரும்பி ஸ்டாஃப் கழிப்பறையை நோக்கி நடந்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஐந்து நிமிஷம் நின்றால் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் நினைத்தேன். சாவதைப் பற்றி நினைக்கவில்லை. மருத்துவப் பரிசோதனையைப் பற்றி நினைத்தேன்.

இரண்டு அடி வைத்ததும் முழங்கைக்கு மேல் ஒரு பிடி விழுந்தது. இருபது வருஷம் மில்லில் வேலை பார்த்த கை.

“எங்க போற?”

“விடும்மா. உன் வேலையைப் பாத்துக்கினு உக்காரு.”

“கை சொறியிற, தொண்ட அடைக்குது, மூச்சு விசில் அடிக்குது, எனக்கே கேக்குது. இன்னும் தலைதான் பாக்கி. கக்கூசுல போயி சுத்தி விழுந்தா யாரு கதவ ஒடைக்கறது?” அதற்குள் எனக்குக் கண்ணெதிரே வராந்தா சாய்ந்தது. அவர் பிடியை விடாமல் அறை வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “பெரிய நர்சம்மா, நாலும் வந்துடுச்சி. ஊசி போட்டது நம்ம சின்ன நர்சம்மாவுக்கு.”

மற்றதை அரைகுறையாகத்தான் பார்த்தேன். முன்பெஞ்சு முழுதும் எழுந்து இடம் விட்டது. என்னை அதில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவர், நான் மூன்று முறை மறுபடி சொல்ல வைத்தவர், என் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் ஓடி வரவில்லை. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் வந்துவிட்டிருந்தார். சீருடைக்கு மேலேயே தொடையில் அட்ரினலினைக் குத்தினார். நெஞ்சு மத்தளம் கொட்டியது. மூச்சு ஒரு நூலாக வந்தது, அப்புறம் கயிறாக. அஞ்சலை என் உள்ளங்கையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், சிவப்பு இறங்குகிறதா என்று.

மதியம் உள்ளே மேசையில் படுத்திருந்தபோது பெரிய சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். புதுக் கார்டு ஒன்றை எடுத்தார். என் பெயரை எழுதினார். வயதை எழுதினார்.

“இன்னிக்குக் காலையில மூச்சு இழுத்துதா?”

இதைத்தான் இரண்டு வருஷமாக எவரும் கேட்டுவிடக் கூடாது என்று பயந்திருந்தேன். கேட்டது அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

“இழுத்துது சிஸ்டர். மூணு வருஷமா இழுக்குது.”

எழுதினார். அவர் கேட்காததையும் நான் சொன்னேன். சிவப்பு மூடியை, அஞ்சலை பார்த்ததை, ஸ்டோர்மேல் பழி போட்டதை. பேனா நின்றது. 

“அதை நான் எழுத மாட்டேன். எழுந்திரிச்சதும் நீயே எழுதுவே. அதுவும் இந்த அழகு கையெழுத்துல வேணாம், புரியற மாதிரி எழுது” என்றார்.

எழுதினேன். மெமோ வந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் நிரந்தரமான பிறகு, ஆறு மாதம் கழித்துத்தான் நான் ஆனேன். அது அந்தச் சிவப்பு மூடிக்கு. அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் மில் கேட்டில் எனக்கு அதற்குள் ஒரு பிரமோஷனும் கொடுத்திருந்தார்.

மருத்துவப் பரிசோதனைக்கும் போனேன். பாரத்தில் உயரம், எடை, கண், பல் என்று கட்டங்கள். டாக்டர் குனிந்த தலை நிமிராமல் நிரப்பிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சு இழுப்பு உண்டு டாக்டர் என்று நானாகவே சொன்னேன், மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

“இப்ப இருக்கா?”

“இப்ப இல்ல டாக்டர்.”

“அப்ப பல்லைக் காட்டு.”

பல் நன்றாக இருந்தது. தகுதி என்று எழுதினார். எதை மறைக்க நான் கழிப்பறையில் போய்ச் சாகப் பார்த்தேனோ, அதை எழுத அந்தப் பாரத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

நம் துறையில் தினம் நமக்கு நாமே சொல்லிக்கொள்வது, நோயாளிகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பது. நான் இந்த அறையில் பத்து வருஷம் பார்த்துவிட்டேன். அவர்கள் கேட்கிறார்கள். நான் ஒருத்தி சொல்லி இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் இருந்தது ஒரே ஆள்தான், அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஊசியை நான் விடவில்லை. மூன்று வாரம் பொறுத்து, பச்சை மூடியிலிருந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கினார் டாக்டர். ஒரு வருஷம் வீண் என்று எனக்கு அழுகை வந்தது. பெரிய சிஸ்டர் கார்டைக் கையில் கொடுத்து, நாலு பேருக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னார். ஊசி முடிந்ததும் வராந்தாவைக் காட்டினார்.

சீருடையோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கடிகாரம் பாதி தூணில் மறைகிறது. இரண்டு வருஷமாக “மணி பாத்து எழுந்திரி” என்று சொல்லி வந்திருக்கிறேன். அடுத்த வாரம் கடிகாரத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன். நீங்கள் வந்த அன்றே, அது ஏன் அவ்வளவு கோணலான இடத்தில் இருக்கிறது என்று கேட்டீர்களே, அதனால்தான்.

அந்த முதல் நாள் எனக்குப் பக்கத்தில் அஞ்சலை இருந்தார். எனக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர்.  மூடி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு ஸ்டோரில் யாரும் மூடி மாற்றவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா அடுத்த வாரமும் எங்கிட்டயே வந்தீங்க?”

“மூடியத்தான் நான் பாத்துக்கறேனே” என்றார்.

தூணைத் தாண்டிக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். அவருடைய அரை மணி முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர் எழவில்லை. வெளியே தட்டாஞ்சாவடி பஸ் ஹாரன் அடித்தது.

“கிளம்புங்க அக்கா, பஸ் போயிடும்” என்றேன். அது வரை நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

“போவட்டும்” என்றார். என் கையை இழுத்து உள்ளங்கை மேலே தெரியும்படி தன் மடியில் வைத்துக்கொண்டார். “உன் நேரம் ஆவட்டும். நான் போயிட்டா இத யாரு பாக்கறது?”